டபிள்யூ. டபிள்யூ. கிரெக்: பழைய ஆங்கில நாடகங்களின் பதிப்பாசிரியர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஷேக்ஸ்பியர், மார்லோ, பென் ஜான்சன் ஆகியோரைத் தெரிந்தவர்கள் ஏராளம். அவர்களுடைய நாடகங்களைப் பழைய தாள்களிலிருந்து சரிபார்த்து எடுத்தவர்களைத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. அப்படிச் சரிபார்த்தவர்களில் இருபதாம் நூற்றாண்டின் பெரிய ஆள் கிரெக். அவரைப் பற்றிப் படிக்க ஆரம்பிப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் பதில்களும் கீழே.

யார் இந்த கிரெக்?

வால்ட்டர் வில்சன் கிரெக். 1875 ஜூலை 9 அன்று லண்டனை ஒட்டிய விம்பிள்டனில் பிறந்தார். 1959 மார்ச் 4 அன்று சசெக்ஸில் காலமானார். எலிசபெத் ராணி காலத்திலும் அதற்கடுத்து வந்த முதலாம் ஜேம்ஸ் காலத்திலும் எழுதப்பட்ட நாடகங்களின் கையெழுத்துப் பிரதிகள், முதல் அச்சுகள் ஆகியவற்றை ஏறக்குறைய அறுபது வருஷம் ஆராய்ந்தார்.

அவர் நாடகம் எழுதியவர் இல்லை. மேடை ஏறியவரும் இல்லை. கவிநயம் பேசும் விமர்சகர் என்று சொன்னால் அவரே ஒப்புக்கொண்டிருக்க மாட்டார். பழைய நாடகப் புத்தகம் கையில் வந்தால், தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் வசனத்துக்கு வருவார். அவருடைய பலமும் அதுதான். தாளையும் மையையும் அச்செழுத்தையும் பேச விட்டபோதெல்லாம் அவர் சொன்னது நின்றது. காணாமல் போன பிரதிகளைப் பற்றி ஊகித்தபோது பல இடங்களில் நிற்கவில்லை.

நாடகங்கள்தான் அப்போதே அச்சாகிவிட்டனவே, பதிப்பாசிரியர் எதற்கு?

நியாயமான கேள்வி. ஷேக்ஸ்பியர் தன் பெயரில் அச்சான நாடகம் எதற்கும் கையெழுத்துப் பிரதி விட்டுப்போகவில்லை. இருப்பவை அச்சுப் புத்தகங்கள் மட்டுமே. சில நாடகங்கள் குவார்ட்டோ எனப்படும் சிறு புத்தகங்களாக அவர் உயிரோடு இருக்கும்போதே வந்தன. அவர் இறந்து ஏழு வருஷம் கழித்து, 1623இல், 36 நாடகங்கள் சேர்ந்த, ஃபோலியோ எனப்படும் பெரிய அளவுப் புத்தகம் வந்தது. ஒரே நாடகம் இரண்டிலும் இருந்தால், இரண்டும் ஒத்துப்போவதில்லை. வரிகள் கூடும், குறையும், சொற்கள் மாறும்.

இதைவிட வேடிக்கை, ஒரே பதிப்பின் இரண்டு பிரதிகளே ஒத்துப்போகாது. அந்தக் காலத்து அச்சுக்கூடத்தில் புரூஃப் திருத்துவதற்காக மெஷினை நிறுத்தி வைக்க மாட்டார்கள். தாள் ஓடிக்கொண்டே இருக்கும். ஒருவர் ஒரு தாளை எடுத்துப் படித்துப் பிழை கண்டுபிடிப்பார், நடுவில் நிறுத்தித் திருத்துவார்கள், மறுபடி ஓடும். திருத்துவதற்கு முன் அச்சான தாளை யாரும் வீசுவதில்லை, தாள் விலை அப்படி. அதனால் திருத்திய தாளும் திருத்தாத தாளும் கலந்து புத்தகமாகித் தெருவுக்கு வரும்.

1608இல் வந்த ‘கிங் லியர்’ குவார்ட்டோவில் இன்று மிஞ்சியிருக்கும் 12 பிரதிகளையும் கிரெக் வரிக்கு வரி ஒப்பிட்டு 1940இல் ஒரு நூல் வெளியிட்டார். அதிலிருந்து ஓர் உதாரணம். புயலில் நிற்கும் லியர் அந்தப் புயலுக்கு ஓர் அடைமொழி தருகிறான். திருத்தாத தாளில் ‘குருலென்ஷியஸ்’ என்று இருக்கிறது, அப்படி ஒரு சொல்லே ஆங்கிலத்தில் கிடையாது. திருத்திய தாளில் ‘டெம்பெஸ்டியஸ்’. 1623 ஃபோலியோவில் ‘கன்டென்ஷியஸ்’. ஷேக்ஸ்பியர் எழுதியது எது? அர்த்தம் உள்ளதால் இரண்டாவது சரி என்று முதலில் தோன்றும். எழுத்துகளின் வடிவத்தைப் பாருங்கள்: அர்த்தமில்லாத முதல் சொல்தான் மூன்றாவதுக்கு நெருக்கமாக இருக்கிறது. அச்சுக் கோத்தவர் புரியாத கையெழுத்தைக் கண்ணில் பட்டபடி கோத்திருக்கிறார். திருத்தியவர் கையெழுத்துப் பிரதியைப் பார்க்காமல், புயலுக்குப் பொருந்தும் சொல் ஒன்றைத் தானாகப் போட்டுவிட்டார் என்று கொள்வதே பொருத்தம். திருத்தம் நம்மை மூலத்திலிருந்து தூரமாகக் கொண்டுபோகிறது. பதிப்பாசிரியர் எதற்கு என்றால், இதற்குத்தான்.

‘எகனாமிஸ்ட்’ பத்திரிகைக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

அவருடைய தாய்வழித் தாத்தா ஜேம்ஸ் வில்சன், அந்தப் பத்திரிகையை 1843இல் தொடங்கியவர். இந்தியர்களுக்கு அந்த மனிதரை வேறு விதத்தில் தெரியும், அல்லது தெரிந்திருக்க வேண்டும்: 1857 எழுச்சிக்குப் பின் காலியான கஜானாவைச் சரிசெய்ய அனுப்பப்பட்டு, 1860இல் இந்தியாவின் முதல் வருமான வரியைக் கொண்டுவந்தவர் அவரே. அதே வருஷம் கல்கத்தாவில் இறந்தார்.

வில்சனுக்கு ஆறு பெண்கள். மூத்தவர் எலிசாவின் கணவர்தான் புகழ்பெற்ற பத்திரிகையாளர் வால்ட்டர் பேஜட். அந்த வகையில் கிரெக்குக்குப் பெரியப்பா முறை. கிரெக்கின் தாய் ஜூலியா இன்னொரு மகள். தந்தை வில்லியம் ராத்போன் கிரெக், மான்செஸ்டர் பக்கத்துப் பஞ்சாலைக் குடும்பத்தைச் சேர்ந்த கட்டுரையாளர். மகனுக்கு ஆறு வயதாகும்போது அவர் இறந்துவிட்டார். வளர்ந்ததும் பையன் பத்திரிகையின் ஆசிரியர் நாற்காலியில் உட்காருவான் என்பது குடும்பத்தின் எண்ணம். பையன் 1590களின் நாடகப் புத்தகங்களைப் பார்க்கப் போய்விட்டான்.

குடும்பச் சொத்திலிருந்து வருமானம் வந்ததால் சம்பளத்துக்கு வேலை பார்க்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. இதை மறைத்துவிட்டு ‘அர்ப்பணிப்பு’ பற்றி மட்டும் பேசுவது சரியாக இருக்காது. 12 பிரதிகளை வரிக்கு வரி ஒப்பிட நேரம் வேண்டும், நேரத்துக்குப் பணம் வேண்டும்.

எங்கே படித்தார்? பேராசிரியராக இருந்தாரா?

ஹாரோ பள்ளி, பிறகு கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரி. படிப்பில் பெரிதாகச் சோபிக்கவில்லை. ஆனால் அங்கே ரொனால்ட் மெக்கரோ என்ற நண்பர் கிடைத்தார். பழைய நூல்களை எப்படிப் பதிப்பிக்க வேண்டும் என்று இரண்டு பேரும் மாணவர்களாக இருந்தபோதே பேசிக்கொண்டிருந்தார்கள். பிரிட்டிஷ் மியூசிய நூலகத்தில் இருந்த ஏ. டபிள்யூ. போலார்டும் இவர்களோடு சேர, மூவரும் தொடங்கிய ஆய்வுமுறைக்குப் ‘புதிய நூலியல்’ என்று பெயர் வந்தது.

பேராசிரியர் பதவி எதிலும் கிரெக் இருந்ததில்லை. 1907 முதல் 1913 வரை டிரினிட்டியின் நூலகராக இருந்தார். பதினெட்டாம் நூற்றாண்டில் எட்வர்ட் கேப்பெல் என்ற ஷேக்ஸ்பியர் பதிப்பாசிரியர் கொடுத்துவிட்டுப் போன குவார்ட்டோக்கள் அங்கே இருக்கின்றன. அவற்றுக்கு அட்டவணை தயாரித்ததும் கிரெக்தான். 1913இல் உறவுக்காரப் பெண் எலிசபெத் காஸ்கெல் கிரெக்கை மணந்தார், நூலகர் வேலையை விட்டார். அதற்குப் பிறகு வீடுதான் அலுவலகம். 1950இல் ‘சர்’ பட்டம் கிடைத்தது.

ஹென்ஸ்லோவின் கணக்குப் புத்தகம் என்றால் என்ன? அதில் கிரெக் என்ன செய்தார்?

பிலிப் ஹென்ஸ்லோ லண்டனில் ‘ரோஸ்’ நாடக அரங்கின் முதலாளி. 1592 முதல் 1603 வாக்கில் வரை அவர் எழுதிய கணக்குப் புத்தகம் நம் கைக்குக் கிடைத்திருக்கிறது. எந்த நாளில் எந்த நாடகம், வசூலில் தன் பங்கு எவ்வளவு, எந்த எழுத்தாளருக்கு எவ்வளவு முன்பணம், எந்த நடிகர் எவ்வளவு கடன் என்று எல்லாம் அதில் உண்டு. அதுவும் புதுப் புத்தகமல்ல. அவருடைய சகோதரர் ஜான் சுரங்கக் கணக்கு எழுதி மிச்சம் வைத்த நோட்டு. முதலாளி என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்.

1592 மார்ச் 3 அன்று ‘ஆறாம் ஹென்றி’ என்ற நாடகத்துக்கு 3 பவுண்டு 16 ஷில்லிங் 8 பென்ஸ் என்று எழுதியிருக்கிறார். ஷேக்ஸ்பியரின் நாடகம்தான் இது என்று பலரும் நம்புகிறார்கள். ஆனால் ஷேக்ஸ்பியர் என்ற பெயர் அந்தப் புத்தகத்தில் ஓரிடத்தில்கூட வருவதில்லை. சில நாடகங்களுக்கு முன்னால் ‘நெ’ என்று இரண்டு எழுத்து போட்டிருக்கிறார். புது நாடகம் என்று அர்த்தமா, வேறு ஏதாவதா என்று இன்னும் சண்டை ஓயவில்லை.

ஹென்ஸ்லோவின் வளர்ப்பு மகளைக் கட்டியவர் எட்வர்ட் ஆலன், அந்தக் காலத்தின் நட்சத்திர நடிகர். அவர் நிறுவிய டல்விச் கல்லூரிக்கு மாமனாரின் காகிதங்கள் போய்ச் சேர்ந்தன. 1845இல் ஜான் பெய்ன் காலியர் என்ற அறிஞர் கணக்குப் புத்தகத்தை அச்சிட்டார். அறிஞர்தான், ஆனால் போலி எழுதும் கை. அசல் புத்தகத்தின் காலி இடங்களில் பழைய எழுத்து மாதிரியே சில வரிகள் சேர்க்கப்பட்டிருந்தன. மார்லோவின் ‘டாம்பர்லேனு’க்கு முன்னுரைப் பாட்டு எழுதியதற்காக நாடக ஆசிரியர் டெக்கருக்கு 1597இல் பணம் கொடுத்ததாக ஒரு பதிவு இருக்கிறதே, அது இப்படி நுழைந்ததுதான்.

1881இல் ஜார்ஜ் வார்னர் கல்லூரியின் சுவடிகளுக்கு அட்டவணை போட்டபோது போலிகளைச் சுட்டிக்காட்டியிருந்தார். கிரெக் அதற்கு மேலும் போனார். மொத்தப் புத்தகத்தையும் மூலத்திலிருந்து புதிதாகப் படியெடுத்து 1904இல் வெளியிட்டார். 1908இல் விளக்கத் தொகுதி வந்தது, இடையில் 1907இல் அதே குடும்பத்தின் மற்றக் காகிதங்கள் ஒரு தொகுதியாக வந்தன. போலி வரிகளை அவர் பேசாமல் நீக்கிவிடவில்லை. எது எங்கே இருக்கிறது, ஏன் போலி என்று பட்டியலிட்டார். மூலத்தில் இருக்கும் எழுத்துப்பிழை, அடித்தல், மேலே எழுதிச் சேர்த்தது எதையும் ‘சரி’ செய்யவில்லை. படிக்கச் சிரமமாகத்தான் இருக்கும். ஹென்ஸ்லோவின் எழுத்துக்கூட்டலைப் பார்த்தால் அவருடைய பள்ளி வாத்தியார் மேல் இரக்கம் வரும். ஆனால் முதல் தடவையாக, புத்தகத்தில் உண்மையில் என்ன இருக்கிறது என்று தெரிந்தது.

1907 தொகுதியில் ஒரு நாடகக் கம்பெனியின் 1598ஆம் வருஷத்துப் பொருள் பட்டியல் வருகிறது. ‘நரகத்தின் வாய் ஒன்று’, ‘ரோமாபுரி நகரம்’, ‘சூரியனும் சந்திரனும் உள்ள துணி’, ‘கண்ணுக்குத் தெரியாமல் போவதற்கான அங்கி’ என்று போகும் அந்தப் பட்டியல். மூலத் தாள் இன்று இல்லை. எட்மண்ட் மலோன் பதினெட்டாம் நூற்றாண்டில் அச்சிட்டு வைத்ததால் பிழைத்தது. கண்ணுக்குத் தெரியாத அங்கியை மேடையில் எப்படிக் காட்டினார்கள் என்று கேட்டால், அங்கியைப் போட்டவுடன் தெரியாமல் போய்விட்டதாகப் பார்ப்பவர்கள் ஒப்புக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

1619 ஆள்மாறாட்டத்தை எப்படிக் கண்டுபிடித்தார்?

கிரெக் செய்ததில் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

ஷேக்ஸ்பியர் எழுதியவை என்றும் எழுதியதாகச் சொல்லப்பட்டவை என்றும் பத்து நாடகங்களின் குவார்ட்டோக்கள் ஒரே மாதிரி அளவில் சேர்த்துக் கட்டப்பட்டுக் கிடைத்தன. ‘வெனிஸ் வணிகன்’, ‘நடுவேனிற் கனவு’, ‘சர் ஜான் ஓல்ட்காஸில்’ ஆகியவற்றின் முகப்பில் 1600 என்று இருக்கிறது. ‘கிங் லியர்’ (முன்னே பார்த்த 1608 குவார்ட்டோ அல்ல, இது வேறு அச்சு), ‘ஐந்தாம் ஹென்றி’ இரண்டிலும் 1608. வேறு சிலவற்றில் 1619. சிலவற்றில் வருஷமே இல்லை. விற்காமல் கிடந்த பழைய சரக்கை 1619இல் யாரோ சேர்த்துக் கட்டி விற்றார்கள் என்று போலார்ட் நினைத்தார்.

கிரெக் நீர்க்குறிகளைப் பார்த்தார். கையால் செய்த தாளில், அச்சுச் சட்டத்தில் பின்னிய கம்பி உருவம், பானையோ மகுடமோ ஏதோ ஒன்று, வெளிச்சத்தில் தெரியும். இந்தப் பத்து நாடகங்களிலும் பலவிதமான நீர்க்குறிகள் கலந்து கிடந்தன, அதாவது அச்சகம் மிச்சம் மீதித் தாள்களைக் கலந்து போட்டிருக்கிறது. முக்கியம் என்னவென்றால், 1600 என்று போட்ட புத்தகத்திலும் 1608 என்று போட்டதிலும் 1619 என்று போட்டதிலும் அதே கலவைதான். ஓர் அச்சகம் அதே கதம்பத் தாளைப் பத்தொன்பது வருஷம் கட்டிக் காத்து, அவ்வப்போது கொஞ்சம் எடுத்து அச்சடித்தது என்று யார் நம்புவார்கள்? எல்லாமே 1619இல், வில்லியம் ஜாகர்டின் அச்சகத்தில், தாமஸ் பேவியர் என்ற வெளியீட்டாளருக்காக ஓடியவை. முகப்பு வருஷங்கள் பொய். 1908இல் கிரெக் இதை எழுதினார்.

பலர் ஏற்கவில்லை. முகப்பில் எழுதியிருப்பதைத் தாளை வைத்து மறுப்பதா என்று கேட்டார்கள். 1910இல் வில்லியம் நைடிக் என்ற அமெரிக்கர் முகப்புப் பக்கங்களைப் புகைப்படம் எடுத்து ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தார். வெவ்வேறு வருஷம் போட்ட பக்கங்களில் சில வரிகளின் அச்செழுத்துகள் இம்மி பிசகாமல் பொருந்தின. கோத்த எழுத்தைக் கலைக்காமல் அடுத்த புத்தகத்துக்கும் அப்படியே வைத்திருக்கிறார்கள். அத்தோடு வாதம் முடிந்தது.

ஏன் பொய் வருஷம்? 1619 மே மாதம், அரசரின் நாடகக் கம்பெனிக்குச் சொந்தமான நாடகங்களை அவர்கள் சம்மதம் இல்லாமல் அச்சிடக் கூடாது என்று அரண்மனை அதிகாரியின் கடிதம் வந்தது. அதிலிருந்து தப்பிக்கப் பழைய சரக்கு மாதிரி வேஷம் கட்டினார்கள் என்பது வழக்கமான விளக்கம். இந்தக் காரணம் பற்றி இப்போது மாற்றுக் கருத்துகள் உண்டு, தேதி போலி என்பதில் இல்லை. அதே ஜாகர்ட் அச்சகம்தான் நான்கு வருஷம் கழித்து முதல் ஃபோலியோவை அச்சடித்தது.

சமையல்காரி ஐம்பது நாடகங்களை எரித்தது உண்மையா?

ஆங்கில நாடக வரலாற்றில் எல்லோருக்கும் பிடித்த கதை இது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஜான் வார்பர்ட்டன் என்பவர் பழைய நாடகக் கையெழுத்துப் பிரதிகளைச் சேர்த்து வைத்தார். அவரே எழுதிய குறிப்புப்படி, தன் அசிரத்தையாலும் வேலைக்காரியின் அறியாமையாலும் ஐம்பதுக்கு மேற்பட்டவை எரிந்தோ, பணியாரத் தட்டின் அடியில் விரிக்கப்பட்டோ போயின. மிஞ்சியவை மூன்றும் சொச்சமும். அந்த வேலைக்காரியின் பெயர் பெட்ஸி.

1911இல் கிரெக் ‘பெட்ஸியின் பேக்கிங் வேலைகள்’ என்ற பொருளில் ஒரு கட்டுரை எழுதினார். தலைப்பில் குறும்பு, உள்ளே கணக்கு வழக்கு. வார்பர்ட்டனின் பட்டியலை அச்சுக்கு உரிமை பெற்ற நூல்களின் பழைய பதிவேடுகளோடு ஒப்பிட்டார். பட்டியலில் உள்ள பல தலைப்புகள் அங்கிருந்து எடுத்து எழுதியவை போலத் தெரிகின்றன. அவர் தேட நினைத்தவை, வைத்திருந்தவை இரண்டும் கலந்திருக்கலாம், அவ்வளவு பிரதிகள் அவரிடம் இருந்ததே சந்தேகம் என்றார். பெட்ஸி மேல் இருந்த பழி பாதியாவது குறைந்தது. தப்பிய பிரதிகளில் ஒன்றான ‘இரண்டாம் கன்னியின் சோகம்’ என்ற நாடகத்தைப் பதிப்பித்தவரும் கிரெக்தான்.

‘சர் தாமஸ் மோர்’ நாடகத்தில் ஷேக்ஸ்பியரின் கையெழுத்து இருப்பதாகச் சொன்னது இவரா?

முதலில் சொன்னவர் இவரில்லை. 1844இல் அலெக்சாண்டர் டைஸ் அந்தக் கையெழுத்துப் பிரதியை அச்சாக்கினார். 1871இல் ரிச்சர்ட் சிம்ப்சன் இதில் ஷேக்ஸ்பியரின் கை இருக்கிறது என்றார். கிரெக் 1911இல் செய்தது வேறு, அதுதான் மற்ற எல்லாவற்றுக்கும் அடித்தளம்.

பிரதி குழப்பமானது. ஒருவர் முழு நாடகத்தையும் எழுதியிருக்கிறார். பிறகு பலர் திருத்தி, வெட்டி, தாள் ஒட்டிச் சேர்த்திருக்கிறார்கள். அரசின் தணிக்கை அதிகாரி எட்மண்ட் டில்னி ஓரத்தில், கலகத்தையும் அதன் காரணத்தையும் அடியோடு எடுத்துவிடுங்கள் என்று எழுதியிருக்கிறார். யார் எது என்று பெயர் சொல்ல அவசரப்படாமல், எழுத்தின் வடிவத்தை மட்டும் வைத்து ஒவ்வொரு கைக்கும் கிரெக் ஓர் எழுத்துக் குறி கொடுத்தார்: மூலத்தை எழுதியவர் ‘எஸ்’, பிறகு வந்தவர்கள் ‘ஏ’ முதல் ‘ஈ’ வரை. ‘எஸ்’ ஆண்டனி மண்டே என்பது பிறகு தெளிவானது. மூன்றே பக்கம் எழுதிய ‘டி’ என்ற கைதான் ஷேக்ஸ்பியருடையது என்று பலர் கருதுகிறார்கள். இன்றைக்கும் ஆய்வாளர்கள் ‘ஹாண்ட் டி’ என்றுதான் பேசுகிறார்கள், அது கிரெக் வைத்த பெயர்.

அந்த மூன்று பக்கத்தில், 1517 மே தினத்தன்று லண்டனில் குடியேறியவர்களை விரட்டக் கிளம்பிய கூட்டத்தை நாடகத்தின் நாயகன் தாமஸ் மோர் நிறுத்திப் பேசுகிறார். முதுகில் குழந்தையும் கையில் மூட்டையுமாக அவர்கள் துறைமுகத்துக்கு நடப்பதை நினைத்துப் பாருங்கள், நாளை அரசர் உங்களை நாடு கடத்தினால் எந்த நாட்டுக்குப் போவீர்கள் என்று கேட்கிறார். ஐரோப்பாவில் அகதிகள் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் இந்த வசனம் மேடையேறுகிறது.

1911இல் கிரெக் ஷேக்ஸ்பியர் பெயரை அறுதியிட்டுச் சொல்லவில்லை. 1923இல் போலார்ட், மாண்ட் தாம்ப்சன், டோவர் வில்சன், ஆர். டபிள்யூ. சேம்பர்ஸ் ஆகியோரோடு சேர்ந்து வெளியிட்ட நூலில்தான் அந்த வாதம் முழுமையாக வந்தது. ஒப்பிட ஷேக்ஸ்பியரின் உறுதியான கையெழுத்துகள் ஆறு மட்டுமே உண்டு, அதனால் நூற்றுக்கு நூறு நிரூபணம் என்று யாரும் சொல்ல முடியாது. எழுத்துக்கூட்டல், சொல்லாட்சி, சிந்தனைப் போக்கு எல்லாம் சேர்ந்து ஒரே பக்கம் சாய்கின்றன.

மலோன் சங்கம் என்பது என்ன?

1906இல் தொடங்கப்பட்ட பதிப்புச் சங்கம். பதினெட்டாம் நூற்றாண்டுப் பதிப்பாசிரியர் எட்மண்ட் மலோனின் பெயர் வைத்தார்கள். கிரெக் ஆரம்பத்திலிருந்து 1939 வரை பொதுப் பதிப்பாசிரியர். வேலை எளிமையானது போலத் தோன்றும்: பழைய நாடகங்களை உள்ளது உள்ளபடி, அச்சுப்பிழை உட்பட, வரிக்கு வரி மறுஅச்சு செய்வது. ‘திருத்தி அழகுபடுத்திய’ பதிப்புகளே நிறைந்திருந்த காலத்தில் இது பெரிய மாற்றம்.

அந்தப் பதிப்புகள் அவருக்கு ஏன் பிடிக்காது என்பதற்கு 1906இல் அவர் எழுதிய ஒரு மதிப்புரை போதும். சர்ட்டன் காலின்ஸ் பதிப்பித்த ராபர்ட் கிரீன் நாடகங்களை எடுத்துக் கிழித்துத் தோரணம் கட்டினார். மூலத்தைத் தானே பார்க்காமல் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து பதிப்பிப்பவர்களிடம் பழைய ஆசிரியர்களை ஒப்படைத்தால் உலகம் சிரிக்கும் என்பது அதன் சாரம். கடுமைதான். ஆனால் குற்றச்சாட்டுகள் ஒவ்வொன்றுக்கும் பக்க எண் கொடுத்திருந்தார்.

ஹாம்லெட் பற்றி ஏதோ சர்ச்சை கிளப்பினாராமே?

1917இல், ‘ஹாம்லெட்டின் மனமயக்கம்’ என்ற கட்டுரை. நாடகத்துக்குள் வரும் நாடகத்தில், வசனத்துக்கு முன்பே ஊமைக்கூத்தாகக் கொலை நடிக்கப்படுகிறது: தூங்கும் அரசனின் காதில் விஷம். கிளாடியஸ் இப்படித்தான் தன்னைக் கொன்றான் என்று தந்தையின் ஆவி ஹாம்லெட்டிடம் சொல்லியிருந்தது. ஆனால் அரசன் கிளாடியஸ் ஊமைக்கூத்தைப் பார்த்து அசையவே இல்லை. பிறகு வசனத்தோடு அதே காட்சி வரும்போதுதான் எழுந்து போகிறான். அப்படியானால் அவன் அந்த முறையில் கொல்லவில்லை, ஆவி சொன்ன கதை ஹாம்லெட்டின் மூளையில் பிறந்தது என்றார் கிரெக். ஆவி பொய், கொலையும் அப்படி நடக்கவில்லை!

இதை ரயிலில் சண்டர்லாந்துக்குப் போகும்போது படித்த ஜான் டோவர் வில்சன் கொதித்துப்போனார். கிரெக் சொல்வது தவறு, ஆனால் ஏன் தவறு என்று சட்டென்று சொல்ல முடியவில்லை. அந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடப் போய் அவர் வாழ்க்கையே ஷேக்ஸ்பியருக்குத் திரும்பியது. 1935இல் ஹாம்லெட் பற்றிப் புத்தகம் எழுதி, அதைக் கிரெக்குக்கே சமர்ப்பணம் செய்தார். கிரெக்கின் முடிவை இன்று ஏற்பவர் அரிது. ஊமைக்கூத்தின்போது கிளாடியஸ் ஏன் சும்மா இருந்தான் என்ற கேள்வி மட்டும் ஒவ்வோர் இயக்குநருக்கும் இன்னும் தலைவலி.

‘மூலப்பிரதிக் கொள்கை’ என்று அவர் பெயரில் சொல்லப்படுவது எது?

1949 செப்டம்பரில் அமெரிக்காவில் ஓர் ஆய்வரங்கில் வாசிக்கப்பட்ட கட்டுரை. அவர் நேரில் போகவில்லை, வேறொருவர் வாசித்தார். அப்போது கிரெக்குக்கு வயது 74.

ஒரு நாடகம் இரண்டு முறை அச்சாகிறது, இரண்டாவதில் ஆசிரியர் சில சொற்களை மாற்றியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பதிப்பாசிரியர் எதைப் பின்பற்றுவது? முதலாவதை என்றால் ஆசிரியரின் திருத்தம் போய்விடும். இரண்டாவதை என்றால் எழுத்துக்கூட்டல், நிறுத்தக்குறி எல்லாம் அச்சுக் கோத்தவரின் பழக்கப்படி இன்னும் ஒரு படி மாறியிருக்கும். கிரெக் இரண்டையும் பிரித்தார். பொருளைத் தொடும் சொற்கள் ஒரு வகை, எழுத்துக்கூட்டலும் குறிகளும் இன்னொரு வகை. இரண்டாம் வகைக்கு, ஆசிரியரின் கைக்கு மிக அருகில் உள்ள முதல் அச்சைப் பின்பற்று. முதல் வகைக்கு, ஒவ்வோர் இடத்திலும் யோசித்து முடிவெடு. ஒரே பதிப்புக்கு அடிமையாகாதே.

அவர் இதை விதியாக வைக்கவில்லை. பென் ஜான்சனின் ‘எவ்ரி மேன் இன் ஹிஸ் ஹியூமர்’ நாடகத்தை உதாரணமாகக் காட்டி, ஆசிரியரே முழுக்க மாற்றி எழுதிய இடத்தில் பிந்திய பதிப்பைத்தான் எடுக்க வேண்டும் என்றார். ஆனால் பின்னால் வந்தவர்கள், முக்கியமாக அமெரிக்காவின் ஃப்ரெட்சன் பவர்ஸ், இதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு நாவல்கள்வரை நீட்டிச் சட்டம் போல ஆக்கினார்கள். 1980களில் ஜெரோம் மெக்கான் போன்றவர்கள், ஆசிரியரின் தனி எண்ணம் என்ற ஒன்றையே தேடுவது சரியா, அச்சகமும் வாசகரும் சேர்ந்ததுதானே நூல் என்று எதிர்த்தார்கள். எதிர்ப்பு பவர்ஸுக்குப் பொருந்தும் அளவுக்குக் கிரெக்குக்குப் பொருந்தாது என்பது என் எண்ணம்.

அவர் தவறியது எங்கே?

பெரிய உதாரணம் ‘டாக்டர் ஃபாஸ்டஸ்’. மார்லோ இறந்த பிறகு 1604இல் ஒரு பதிப்பு, 1616இல் நீண்ட இன்னொரு பதிப்பு. 1950இல் இரண்டையும் எதிரெதிர்ப் பக்கங்களில் அச்சிட்டார் கிரெக். 1604 பதிப்பு நினைவிலிருந்து எழுதிய மோசமான பிரதி, 1616தான் மூலத்துக்கு நெருக்கம் என்றார். நாடகத்தில் சேர்ப்புகள் செய்ததற்கு வில்லியம் பர்ட், சாமுவேல் ரௌலி இருவருக்கும் 4 பவுண்டு கொடுத்ததாக 1602இல் ஹென்ஸ்லோ எழுதியிருக்கிறார். கிரெக் தானே பதிப்பித்த புத்தகத்தில் இருக்கும் பதிவு அது! அந்தச் சேர்ப்புகள் 1616இல் உள்ளவைதான் என்பது இன்றைய பெரும்பான்மைக் கருத்து. 1604க்கே இப்போது மதிப்பு அதிகம்.

அதேபோல, அச்சகத்துக்குப் போன பிரதி ஆசிரியரின் கிறுக்கல் பிரதியா, அரங்கின் ஒழுங்கான பிரதியா என்று அச்சுப் புத்தகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்று நம்பினார். மிஞ்சியிருக்கும் நாடகக் கையெழுத்துப் பிரதிகள் அப்படி இரண்டு பெட்டியில் அடங்குவதில்லை என்று பால் வெர்ஸ்டைன் காட்டினார். அதற்கு அவர் பயன்படுத்திய பிரதிகளில் பல, கிரெக் முதலில் ஒழுங்காக விவரித்தவை.

பெரிய நூலடைவு ஒன்று இருக்கிறதே?

1660 வரை இங்கிலாந்தில் அச்சான நாடகங்கள் எல்லாவற்றுக்கும் நான்கு தொகுதிகள், 1939 முதல் 1959 வரை. ஒவ்வொரு நாடகத்துக்கும் அச்சான வரிசையில் ஓர் எண். இன்றும் நூலகங்கள் ‘கிரெக் எண்’ என்று குறிப்பிடுகின்றன. முதல் பட்டியலை அவர் வெளியிட்டது 1900இல், 25 வயதில். கடைசித் தொகுதி அவர் இறந்த வருஷம் வந்தது.

ஒரு தகவல் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும்: இவ்வளவு செய்தவர் ஷேக்ஸ்பியர் முழுத் தொகுப்பு எதையும் பதிப்பிக்கவில்லை.

படிக்க விரும்பினால் எங்கே தொடங்கலாம்?

கொள்கைக் கட்டுரையில் தொடங்க வேண்டாம், அலுத்துவிடும். ஹென்ஸ்லோ தொகுதிகளின் பழைய பதிப்புகள் இணைய ஆவணக் காப்பகத்தில் ஸ்கேன் வடிவில் இருக்கின்றன. டல்விச் காகிதங்களின் படங்களும் தனித் தளத்தில் உள்ளன. கிரெக்கின் அச்சை ஒரு பக்கமும் மூலத்தின் படத்தை மறுபக்கமும் வைத்துப் பார்க்கலாம்.

அந்தக் காகிதங்களில் எட்வர்ட் ஆலன் ‘ஆர்லாண்டோ ஃபூரியோசோ’ நாடகத்தில் நடிக்க வைத்திருந்த வசனச் சுருளைத் தேடுங்கள். தொழில்முறை நடிகருக்கான அந்தக் காலத்து வசனச் சுருள் இது ஒன்றுதான் மிஞ்சியது. ஆலனின் வசனம் மட்டும் இருக்கும். மற்றவர் பேசுவதில் கடைசி இரண்டு மூன்று சொல் மட்டும், அவர் எப்போது ஆரம்பிக்க வேண்டும் என்று தெரிவதற்காக. 1594இல் அச்சான நாடகத்தோடு இதை ஒப்பிட்டு 1923இல் கிரெக் எழுதிய நூல் அடுத்துப் படிக்கலாம். அச்சான பிரதியில் எவ்வளவு வெட்டப்பட்டிருக்கிறது என்பதைச் சுருளை வைத்தே வரி வரியாகக் காட்டுகிறார்.